நாவுக்குக் கடிவாளம்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் ஒருவரைப் பேச அழைத்தால் அவர் தேர்வைப் பற்றியும் மதிப்பெண்ணைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. அவற்றைப் பற்றி எனக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் நாவடக்கம். ஒருவன் மெய்யான கிறிஸ்தவ விசுவாசி என்பதற்கு அவன் ஆலயத்திற்கு வருவதோ, பாட்டுப் பாடுவதோ, நீண்ட ஜெபம் செய்வதோ முதற் சான்று அன்று. அவன் நாவை ஆள்கிறானா என்பதே சான்று என்று வேதம் கூறுவதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

இப்பொருளைச் சொன்னவுடனேயே விழாக்குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் முகம் சுளித்தார். “ஐயா, பாட்டன் பூட்டன் காலம் முதல் நாம் வாயைப் பொத்திக்கொண்டுதான் நின்றோம். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டி, நாலடி தள்ளி நின்று பேசினோம். இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறோம். நீங்களும் வந்து அடக்கு என்கிறீர்களே!” என்றார். மிக நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் இந்தப் பொருளைப் பேச எவருக்கும் உரிமை இல்லை என்று கருதுகிறேன். ஆகவே அந்தக் கேள்வியையே கையில் பிடித்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

நாவைக் குறித்து வேதாகமத்தில் பல இடங்களில் பேசப்பட்டிருந்தாலும், அதை ஒரு முழுப் பாடமாக நடத்துவது யாக்கோபு எழுதிய நிருபம். ஐந்தே அதிகாரங்கள் கொண்ட சிறிய நிருபம் அது. எருசலேம் சபைக்குத் தலைமை தாங்கிய, ஆண்டவரின் சகோதரராகிய யாக்கோபு எழுதியதென்பது மரபு. பல நாடுகளில் சிதறிக் கிடந்த மக்களுக்கு எழுதப்பட்டது. மார்ட்டின் லூதர் பெருமகனார் 1522ஆம் ஆண்டு தாம் எழுதிய முன்னுரையில் இதனை வைக்கோல் நிருபம் என்று சற்று இளக்காரமாகக் குறித்தார். விசுவாசத்தைவிடக் கிரியையைப் பற்றி இது அதிகம் பேசுகிறது என்பது அவருடைய மனக்குறை. வைக்கோல் என்பது மாடு வைத்திருப்பவனுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை நம் மக்கள் அறிவார்கள். அதனால் அந்தப் பெயரில் நமக்கு வருத்தம் இல்லை.

அந்நிருபத்தின் முதலதிகார முடிவில் ஒரு கடுமையான தீர்ப்பு இருக்கிறது. தன்னைப் பக்திமான் என்று எண்ணிக்கொண்டு, தன் நாவுக்குக் கடிவாளம் போடாதவனுடைய பக்தி வீண் என்கிறார் ஆசிரியர். குறைவான பக்தி என்று சொல்லவில்லை. வீண் என்றே சொல்லிவிடுகிறார். அடுத்த வசனத்திலேயே, திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் துன்பத்தில் சென்று காண்பதே மாசற்ற பக்தி என்று தொடருகிறார். நாவை ஆள்வதையும் ஏழைக்குத் துணைநிற்பதையும் அடுத்தடுத்து வைத்ததில் ஒரு பொருள் உண்டு. அவற்றைப் பிரித்து, முதலாவதை மட்டும் நமக்குப் போதித்தவர்கள் பலர்.

இப்போது அந்தக் கடிவாளம் என்ற சொல்லைக் கவனியுங்கள். குதிரைக்குக் கடிவாளம் போடுவது அது ஓடாமல் இருப்பதற்காகவா? ஓடக்கூடாதென்றால் கொட்டிலில் கட்டிப்போட்டால் போதுமே! நமக்கு மிக அருகில் உள்ளது மூக்கணாங்கயிறு. மூக்கணாங்கயிறு இல்லாத காளை தான் நினைத்த பக்கம் ஓடிப் பயிரை மிதிக்கும். கயிறு போட்ட காளையே ஏர் இழுக்கும், கவலை இறைக்கும், பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் இழுத்துச் செல்லும். மூன்றாம் அதிகாரத்தில் யாக்கோபு கப்பலின் சுக்கானையும் காட்டுகிறார். சுக்கான் கப்பலைத் திருப்புவது, நிறுத்துவது அன்று. எனவே நாவடக்கம் என்பது ஊமைத்தனம் இல்லை. செல்லவேண்டிய இடத்திற்கு நாவைச் செலுத்தும் வலிமையே நாவடக்கம். நம் வள்ளுவரும் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அடக்கமுடைமையை வைத்தவர், அறுபத்தைந்தாவதில் சொல்வன்மையையும், எழுபத்துமூன்றாவதில் அவையஞ்சாமையையும் வைத்தார். அடங்கத் தெரிந்தவன் அவைக்கு அஞ்சவேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

யாக்கோபு தாமே வாய்மூடி இருந்தாரா என்றும் பார்க்க வேண்டும். இரண்டாம் அதிகாரத்தில் ஒரு சபைக் காட்சியை வரைகிறார். பொன் மோதிரமும் பளபளப்பான உடையும் அணிந்த ஒருவன் வருகிறான். கந்தை உடுத்திய ஏழை ஒருவனும் வருகிறான். முன்னவனுக்கு நல்ல ஆசனம். பின்னவனை அங்கே நில், அல்லது என் காலடியில் உட்கார் என்கிறார்கள். இப்படிச் செய்பவர்களைத் தகாத எண்ணம் கொண்ட நீதிபதிகள் என்று அவர் சாடுகிறார். ஐந்தாம் அதிகாரத்திலோ, வயலை அறுத்த கூலியாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும், அக்குரல் ஆண்டவர் செவிக்கு எட்டிவிட்டது என்றும் பணக்காரர்களைப் பார்த்து நேருக்கு நேராகச் சொல்கிறார். நாவுக்குக் கடிவாளம் போடச் சொன்ன அதே கை எழுதிய எழுத்து இது. கூலி கேட்பதும், சமமான இருக்கை கேட்பதும் நாவடக்கத்திற்கு மாறானவை என்று எவரேனும் உங்களுக்குப் போதித்தால், இந்த நிருபத்தை முழுவதும் படித்துவிட்டு வரும்படி அவரைப் பணிவுடன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாம் அதிகாரம் நம் நாட்டுச் சபைகளுக்கே எழுதியது போன்றது. திருச்சபைக்குள் சாதிக்கென்று தனி இருக்கையும், திருவிருந்தில் தனி வரிசையும் இருந்த காலம் உண்டு. 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அடியோடு விலக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் அதை எதிர்த்து நின்றனர். அப்படி எதிர்த்து நின்றவர்களும் நாள்தோறும் ஜெபம் செய்தவர்களே. ஒரே வாயினால் பிதாவைத் துதிப்பதும், அவர் சாயலில் உண்டாக்கப்பட்ட மனிதனைத் தூற்றுவதும் தகாது என்று யாக்கோபு வருந்தி எழுதியதை அவர்கள் தங்கள் கையிலிருந்த புத்தகத்திலேயே படித்திருப்பார்கள்.

அன்பர்களே! தீண்டாமை என்பது கையால் தொடாமல் இருப்பது மட்டுமன்று. அது பெரும்பாலும் நாக்கினால் நடத்தப்பட்டது. அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுச் சிறுவன் ‘டேய்’ என்று அழைத்ததும், அவர் அவனை ‘சின்ன எசமான்’ என்று அழைத்ததும் நாக்கின் வேலை. பெற்றவர்கள் இட்ட நல்ல பெயரைச் சிதைத்துக் கூப்பிட்டது நாக்கின் வேலை. ஒரு சமூகத்தின் பெயரையே வசைச்சொல்லாக்கி, யாரையாவது இழிவுபடுத்த வேண்டுமென்றால் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டியது நாக்கின் வேலை. ஊரார் உரக்கப் பேசினால் அது அதிகாரம். நம்மவர் உரக்கப் பேசினால் அதற்குப் பெயர் வாய்க்கொழுப்பு. நாக்கில் கொடிய நஞ்சு நிறைந்திருக்கிறது என்று யாக்கோபு எழுதியதை மற்றவர்கள் உவமையாகப் படிக்கலாம். நாம் அதை அனுபவமாகப் படிக்கிறோம்.

அந்த நஞ்சை நம் முன்னோர் எவ்வாறு எதிர்கொண்டார்கள்? இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டு ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’. வசைச்சொல்லாகத் தெருவில் வீசப்பட்ட பெயரை எடுத்து, துடைத்து, பத்திரிகையின் நெற்றியில் அச்சிட்டார். வசைக்கு வசை திருப்பிச் சொல்லவில்லை, வாய்மூடிக்கொள்ளவும் இல்லை. எம். சி. ராஜா அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடியதன் பயனாக, 1922இல் அரசு ஆவணங்களில் பழைய இழிபெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை எழுத ஆணை பிறந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் தொடங்கிய மராத்திய இதழுக்கு ‘மூக்நாயக்’ என்று பெயரிட்டார். ஊமையரின் தலைவன் என்று அதற்குப் பொருள். பேச முடியாமல் ஆக்கப்பட்டவர்களுக்காகப் பேசுவதே தம் கடமை என்பதை இதழின் பெயரிலேயே எழுதிவைத்தார். இவர்களெல்லாம் நாவை ஆண்டவர்கள். ஆகையால்தான் இவர்களுடைய சொல் சட்டமாக மாறியது.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பலர் காணும் இடத்தில் பட்டியல் சாதியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதைத் தனியாகவே குறிப்பிட்டது. நாக்கினால் செய்யும் கொடுமையும் கொடுமையே என்று நாட்டின் சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய செய்தி. ஆனால் நம்மில் கிறிஸ்தவர்களாக இருப்போருக்கு இதில் ஒரு வேதனை உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் வழங்கியது, கிறிஸ்தவருக்கு வழங்கவில்லை. எனவே ஒரே தெருவில் வாழும் அண்ணனுக்குக் கிடைக்கும் சட்டத்தின் கேடயம், ஞானஸ்நானம் பெற்ற தம்பிக்குக் கிடைப்பதில்லை. ஏசுகிறவன் மட்டும் இருவரையும் ஒரே சொல்லால்தான் ஏசுகிறான்.

இவ்வளவும் பிறர் நாக்கைப் பற்றியது. இதைக் கைதட்டிக் கேட்டீர்கள். இனி நம் நாக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். அதையும் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

சொல்லால் அடிபட்டவர்களுக்குச் சொல்லின் வலி தெரியும். தெரிந்தவர்கள் பிறரை அடிக்கக்கூடாது. நாம் அவ்வாறு இருக்கிறோமா? நம் துணி வெளுக்கவும், நம் வீட்டுச் சாவுக்கும் சடங்குக்கும் தொண்டு செய்யவும் வந்த புதிரை வண்ணாரை நம் பெரியவர்கள் எப்படி அழைத்தார்கள்? வயது பார்த்தார்களா? இரவில் வந்து வாசலில் நின்று சோறு கேட்ட அந்தத் தாயை நம் வீட்டுச் சிறுவர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள்? அருந்ததியர் தெருவைப் பற்றிப் பேசும்போது நம் குரலில் ஒரு மாற்றம் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து நம்மீது கொட்டப்பட்ட அதே வெந்நீரைத்தான் நாம் கீழே சாய்க்கிறோம். ஒரே ஊற்றிலிருந்து தித்திப்பான நீரும் கசப்பான நீரும் சுரக்குமா என்று யாக்கோபு கேட்கிறார். மேடையில் சமத்துவமும் தெருவில் இளக்காரமும் ஒரே வாயிலிருந்து வருமானால், அந்த மேடைப் பேச்சை யார் நம்புவார்கள்?

வீட்டிற்குள் வருவோம். நாள் முழுவதும் பிறர் வயலிலும் பிறர் கட்டடத்திலும் அதட்டல் கேட்டுவிட்டு வருகிறவன், அவ்வளவையும் மாலையில் மனைவியின் தலையில் இறக்குகிறான். அவள் அதைப் பிள்ளையின் தலையில் இறக்குகிறாள். பிள்ளைக்கு இறக்கி வைக்க இடமில்லை. அது உள்ளேயே வைத்துக்கொள்கிறது. முப்பது ஆண்டுகளுக்குமேல் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அறிவில் குறைந்த பிள்ளைகளை நான் கண்டது மிகக் குறைவு, ‘உனக்குப் படிப்பு ஏறாது’ என்று யாரோ சொன்னதை நம்பிவிட்ட பிள்ளைகளைக் கண்டது மிக அதிகம். கணக்குப் போட அழைத்தால் கரும்பலகைவரை வருவான்; சுண்ணாம்புக்கட்டியைக் கையில் வாங்கியவுடன் நின்றுவிடுவான். அந்த இடத்தில் அவன் காதில் ஒலிப்பது அந்தப் பழைய சொல். அதைச் சொன்னவர் ஆசிரியராக இருக்கலாம், அப்பனாக இருக்கலாம், அன்போடு அலுத்துக்கொண்ட பாட்டியாகவும் இருக்கலாம். போதகராக விரும்புவோர் அதிகம்பேர் வேண்டாம், அவர்களுக்குத் தீர்ப்புக் கடுமையாயிருக்கும் என்று அந்நிருபத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. அது குருமார்களுக்கு மட்டும் உரியது என்று நான் எண்ணவில்லை. என் தொழிலையும் நேராகவே சுட்டுகிறது.

சங்கங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நம் மக்கள் தொடங்கிய எத்தனையோ நல்ல சங்கங்கள் பணமின்றிச் சாகவில்லை. ‘அவன் அப்படிச் சொன்னான், இவன் இப்படிக் கேட்டான்’ என்ற பேச்சினால் செத்தன. ஆலயக் கமிட்டித் தேர்தல் வந்தால் ஆறு மாதம் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. இப்போது கைப்பேசி வந்த பிறகு நாக்கின் வேலையைக் கட்டைவிரல் எடுத்துக்கொண்டது. முன்பெல்லாம் கோபத்தில் சொன்ன சொல் தெருமுனையோடு போயிற்று. இன்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் எழுதிய சொல், காலை ஆறு மணிக்குள் சென்னையிலும் துபாயிலும் இருக்கும் உறவினர்களைச் சுற்றிவந்துவிடுகிறது. சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்துகிறது என்று யாக்கோபு வியந்தார். அவர் வாட்ஸ்அப்பைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இனி, நாவடக்கம் கோழைத்தனம் அன்று, அது படை நடத்தும் பயிற்சி என்பதற்கு ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இது நம்மைப் போலவே இழிவுபடுத்தப்பட்ட கறுப்பின மக்களின் வரலாறு. கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து எழுந்த வரலாறு. நம் நாட்டிற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

அமெரிக்காவில் ஓகியோ மாநிலத்தில் மாசிலன் என்னும் ஊரில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகன் ஜேம்ஸ் லாசன். சிறுவனாயிருந்தபோது, தெருவில் நின்ற காரிலிருந்து ஒரு வெள்ளைச் சிறுவன் அவனைப் பார்த்து நிறத்தைச் சொல்லும் அந்த வசைச்சொல்லைக் கூவினான். லாசன் நேரே சென்று அவனை ஓர் அறை அறைந்தான். வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னான். அடுப்படியில் வேலையாக இருந்த அந்தத் தாய், திரும்பிப் பாராமலே, அதனால் என்ன நன்மை விளைந்தது என்று கேட்டார். அடித்ததற்கு அவர் வையவில்லை; பொறுத்துப்போ என்றும் சொல்லவில்லை. இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கவேண்டும் என்றார். அந்த நல்ல வழி எது என்று தேடுவதே தம் வாழ்நாள் வேலையாயிற்று என்று லாசன் பிற்காலத்தில் கூறினார்.

கொரியப் போர்க்காலத்தில் படையில் சேர மறுத்துச் சிறை சென்ற லாசன், 1953இல் நம் நாட்டிற்கு வந்தார். நாகபுரியில் இசுலாப் கல்லூரியில் மூன்றாண்டுகள் பணியாற்றி, காந்தியடிகளின் அறப்போர் முறையைக் கற்றார். அண்ணல் அம்பேத்கர் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியதும் அதே நாகபுரியில்தான், 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14இல். அந்த ஆண்டே லாசன் தாய்நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு மார்ட்டின் லூதர் கிங் அவரைச் சந்தித்துத் தென்பகுதிக்கு உடனே வரும்படி கேட்டுக்கொண்டார். லாசன் நாஷ்வில் நகருக்குச் சென்றார்.

அந்நகரக் கடைகளில் கறுப்பின மக்கள் துணி வாங்கலாம், சாமான் வாங்கலாம்; ஆனால் அதே கடையிலுள்ள சிற்றுண்டி மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாசன் ஓர் ஆலயத்தின் கீழறையில் கல்லூரி மாணவர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். என்ன பயிற்சி? சிலர் நாற்காலியில் உட்கார வேண்டும். மற்றவர்கள் வெள்ளைக் காலிகளாக நடித்து அவர்களைச் சூழ்ந்துகொண்டு, கேட்கக் கூசும் வசைகளையெல்லாம் சொல்ல வேண்டும், இடிக்க வேண்டும், நாற்காலியிலிருந்து தள்ள வேண்டும். உட்கார்ந்திருப்பவர் திருப்பி அடிக்கவும் கூடாது, திருப்பி ஏசவும் கூடாது. எழுந்து ஓடவும் கூடாது. ஒரு நாளில் வரும் பயிற்சியன்று இது. மாதக்கணக்கில் செய்தார்கள். நாக்கை மனிதரால் அடக்க முடியாது என்று யாக்கோபு சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர்கள் முயலாமல் இருந்துவிடவில்லை.

1960 பிப்ரவரி 13ஆம் நாள் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் நல்ல உடை உடுத்தி, கையில் பாடப்புத்தகத்துடன் சென்று அந்த மேசைகளில் அமர்ந்தார்கள். இரு வாரம் கழித்து, 27ஆம் நாள், காலிகள் அவர்களை அடித்தார்கள். எரியும் சிகரெட்டை உடம்பில் அணைத்தார்கள். காவல்துறை அடித்தவர்களை விட்டுவிட்டு, அடிபட்ட மாணவர்களில் ஏறத்தாழ எண்பது பேரைக் கைது செய்தது. ஒரு வரிசையைக் கைது செய்தவுடன் அடுத்த வரிசை வந்து அதே இடத்தில் உட்கார்ந்தது. வசைக்கு வசை எழவில்லை. அடுத்த மாதம் லாசன் தாம் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார்.

ஏப்ரல் 19ஆம் நாள் விடியற்காலையில், மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகரசபைக்கு நடந்து சென்றார்கள். முழக்கமில்லை, கூச்சலில்லை, காலடியோசை ஒன்றே கேட்டது. நகரசபைப் படிக்கட்டில் மேயர் வந்து நின்றார். முதலில் ஒரு போதகர் அவரைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டும் அறிக்கையை வாசித்தார். மேயருக்குச் சினம் மூண்டது, வாக்குவாதம் வளர்ந்தது. அப்போது டையான் நாஷ் என்ற மாணவி முன்வந்தார். வயது இருபத்தொன்று. அவர் குரலை உயர்த்தவில்லை. ஒரு மனிதனை அவனுடைய நிறத்தை மட்டும் காரணமாக வைத்து வேறுபடுத்துவது தவறு என்று தாங்கள் கருதுகிறீர்களா என்று மேயரைக் கேட்டார். அத்தனை பேர் முன்னிலையில் அந்தக் கேள்விக்கு அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தவறுதான் என்று ஒப்புக்கொண்டார். மே 10ஆம் நாள் அந்நகரின் சிற்றுண்டி மேசைகள் கறுப்பின மக்களுக்குத் திறக்கப்பட்டன. லாசனின் பயிற்சியில் இருந்த ஜான் லூயிஸ் என்னும் இறையியல் மாணவர் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1987 முதல் 2020இல் மறையும்வரை உறுப்பினராயிருந்தார். லாசன் 2024ஆம் ஆண்டு தமது 95ஆம் வயதில் காலமானார். அவரை நீக்கிய பல்கலைக்கழகமே பிற்காலத்தில் அவரைப் பேராசிரியராக அழைத்துப் பெருமைப்படுத்தியது.

அந்த மாணவியின் கேள்வியை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் மேயரைத் திட்டியிருந்தால் மேயர் தப்பித்திருப்பார். திட்டியதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருப்பார். நம் ஊர்களிலும் இதைக் கண்டிருக்கிறேன். ஒரு சிற்றூரில் சுடுகாட்டுப் பாதையை ஆக்கிரமித்துவிட்டார்கள். முதலில் போன மனுவில் ஆத்திரமெல்லாம் இருந்தது. அதிகாரியையும் சேர்த்து ஏசியிருந்தார்கள். நடக்காத இரண்டொரு செய்திகளும் சேர்ந்திருந்தன. எதிர்த்தரப்பு அந்த நடக்காத செய்திகளை மட்டும் பிடித்துக்கொண்டு மனு முழுவதையும் பொய்யாக்கிவிட்டது. பிறகு ஊர்ப்பிள்ளைகள் உட்கார்ந்து, சர்வே எண், பாதையின் அகலம், எந்தத் தேதியில் எந்தப் பிரேதம் எந்த வரப்பின்மேல் தூக்கிச் செல்லப்பட்டது என்பவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதினார்கள். ஒரு வசைச்சொல் இல்லை. ஒரு கெஞ்சலும் இல்லை. நில அளவர் சங்கிலியோடு வந்தார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேசுங்கள், ஆணையிட வேண்டாம் என யாக்கோபு தம் கடைசி அதிகாரத்தில் அறிவுறுத்துவது, மனு எழுதுகிறவனுக்கும் பொருந்தும்.

ஆகவே அந்த இளைஞருக்கு நான் சொன்ன விடை இது: தம்பி, அவர்கள் நம் வாயைக் கட்டினார்கள். கட்டிய கயிறு அவர்கள் கையில் இருந்தது. நான் சொல்லும் கடிவாளம் உன் கையிலேயே இருப்பது. முன்னது அடிமையின் மௌனம். எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று நீயே முடிவு செய்வது ஆளுகிறவனுடைய பேச்சு. அவர் சிரித்தார், முழுவதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. “சில நேரம் கத்தினால்தான் ஐயா காது கேட்கிறது” என்றார். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. கூலியின் கூக்குரலைப் பற்றி யாக்கோபும் எழுதினாரல்லவா?

முடிவாக ஒரு வேண்டுகோளை இச்சங்கத்தின்முன் வைக்கிறேன். நம் மாலைநேரப் படிப்பகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கித் தாருங்கள். ஒருவர் வட்டாட்சியராக உட்காரட்டும். ஒருவர் மனு கொண்டுவரட்டும். ஒருவர் குறுக்கே நின்று இழித்துப் பேசட்டும். மனுதாரர் சினத்தால் தடுமாறாமலும், அச்சத்தால் குழையாமலும் தம் செய்தியை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கட்டும். இன்னொரு வாரம், கணவனும் மனைவியும் பேசுவதைப் பழகலாம். அது வட்டாட்சியரிடம் பேசுவதைவிடக் கடினம் என்பதை இங்குள்ள மூத்தவர்கள் அறிவார்கள். பயிற்சியை நடத்த ஓய்வுநேரத்தில் நான் வரச் சித்தமாயிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளும் கொடுக்க வேண்டும். பின்வரிசையில் அம்மாவின் பின்னால் மறைந்துகொண்டிருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.